கரியும் இறப்பரும் இதயத்தைத் துளைக்கும் ஊசியும்

மருத்துவ அறிவியல் பற்றிய செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டே தலைப்புகளுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். ஒன்று, "அறிவியலாளர் அரிய கண்டுபிடிப்பு". மற்றையது, "இனிச் சத்திரசிகிச்சை தேவையில்லை". நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசைகளில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், இத்தலைப்புகள் எத்தனை முறை என் கண்முன் கடந்து சென்றன என்பதற்குக் கணக்கில்லை. இவற்றுள் அகப்பட்டுக்கொண்டால் பாழாகிவிடக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றியே இன்று எழுதுகிறேன். தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த ஒரு கண்ணாடி நாரின் நுனியில் கரிய கலவையொன்றைப் பூசி, அதன்மீது ஒளியைச் செலுத்தி, ஒலியெழுப்பி, அந்த ஒலியால் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் முறை அது.

முதலில் சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள். காதுக்குக் கேளாத உயர் அதிர்வெண் ஒலியை இலங்கைப் பாடநூல்கள் கழியொலி என்கின்றன. தமிழகத்தார் மீயொலி என்பர். வைத்தியசாலை வாசலில் துண்டுச்சீட்டுடன் காத்திருக்கும் தாய்மாருக்கு அது வெறும் 'ஸ்கான்'. எனக்குக் கழியொலி பழகிய சொல், அதையே கையாளுகிறேன்.

கழியொலியை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் 1880ஆம் ஆண்டிலேயே பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. அவ்வாண்டில் பாரிஸில் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள், சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். இதன் மறுதலை, மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு அதிரும் என்பது. முதலாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேட பிரெஞ்சு அறிஞர் லாஞ்ஜெவின் இதைப் பயன்படுத்தினார். 1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த வைத்தியர் இயன் டொனல்ட் கருவிலுள்ள குழந்தையின் கழியொலிப் படத்தை மருத்துவ உலகுக்குக் காட்டினார். இன்று மாத்தளை மாவட்ட வைத்தியசாலையில் வயிற்றின்மீது வைத்து உருட்டும் கருவிவரை வந்தது இந்த வழிதான்.

இரண்டாவது வழியைக் கண்டவர் தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அதே 1880இல், சூரிய ஒளியைத் துளைகளிட்ட சுழல்தட்டினால் துண்டு துண்டாக்கிப் பொருள்கள்மீது விழச்செய்தபோது அவை ஒலியெழுப்புவதைக் கேட்டார். ஒளி பட்டதும் பொருள் சூடாகிறது, சூடானதும் விரிகிறது, ஒளி நின்றதும் சுருங்குகிறது. விரிந்து சுருங்குவதே ஒலி. எந்தப் பொருள் உரக்க ஒலிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பெல், விளக்குக் கரியே மிகச் சிறந்தது என்று மறு ஆண்டில் எழுதினார். மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் படியும் அதே கரிதான். ஆனால் அக்காலத்தில் இதனால் பெரும்பயன் விளையவில்லை. ஒரு வினாடியின் நூறுகோடியில் சில பங்கு நேரம் மட்டும் பளிச்சிடக்கூடிய ஒளி வேண்டியிருந்தது. லேசர் 1960இல்தான் பிறந்தது. கியூரி சகோதரர்களின் பளிங்கு உலகை ஆண்டது. பெல்லின் கரி தூங்கிக்கொண்டிருந்தது.

இன்று அந்தக் கரியை எழுப்பியிருக்கிறார்கள். ஏன் எழுப்பவேண்டி வந்தது? இதயத்துக்குள்ளும் இரத்தக் குழாய்க்குள்ளும் நுழையவேண்டிய கருவி ஒரு மில்லிமீற்றர் அளவே இருக்கவேண்டும். அந்த அளவுக்குப் பளிங்கைச் செதுக்கி, மின்கம்பிகளைப் பொருத்துவது கடினம்; செலவும் அதிகம். அளவு குறையக் குறையப் பளிங்கு எழுப்பும் ஒலியும் மங்குகிறது. அதோடு, மின்கம்பி உள்ள எதையும் காந்த அதிர்வுப் படப்பிடிப்பு எந்திரத்துக்குள் கொண்டுசெல்வது சிக்கல். கண்ணாடி நாருக்கு இவ்வில்லங்கங்கள் இல்லை. ஒரு நார் ஒளியைக் கொண்டுசெல்ல, அதன் நுனியிலுள்ள கரிய பூச்சு அதை விழுங்கி ஒலியாக உமிழ்கிறது. திசுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அருகிலுள்ள இன்னொரு நார் வாங்குகிறது. அதன் நுனியில் இரண்டு தெறிதளங்களுக்கிடையே நூலிழை இடைவெளி உண்டு. எதிரொலி தட்டும்போது அந்த இடைவெளி மிகமிகச் சிறிதளவு மாறும். அங்கிருந்து தெறித்து வரும் ஒளியும் அதற்கேற்ப மாறும். ஆக, உடலுக்குள் மின்சாரமே போவதில்லை.

இங்கே வித்தை முழுவதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒளியை மிச்சமின்றி விழுங்கவேண்டும். சூடானதும் நன்றாக விரியவேண்டும். கரி முதலாவதில் வல்லது, இரண்டாவதில் மந்தம். சிலிக்கன் இறப்பர் சூட்டுக்குக் கண்ணாடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விரியும். ஆனால் அது பளிங்குபோல் தெளிந்தது, ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப இரண்டையும் கலக்கிறார்கள். கலப்பதில்தான் சங்கடம். கரித்துகள் பெரிதாக இருந்தால் அதன் சூடு, ஒளித்துடிப்பு முடிவதற்குள் இறப்பரைச் சென்றடையாது. ஆகவே துகள் மிக நுண்ணியதாக இருக்கவேண்டும். நுண்ணியதாக இருந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. அளவைக் கூட்டினால் கலவை களிபோல் இறுகி, நாரின் நுனியில் சீராகப் படிய மறுக்கிறது. பூச்சுத் தடித்தால் ஒலியின் கூர்மை போய்விடும். இவ்வளவையும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குத் தடிப்புக்குள் சரிக்கட்டவேண்டும்.

லண்டனிலுள்ள யு.சி.எல். பல்கலைக்கழகத்தில் அட்ரியன் டெஜார்டின்ஸ், சாஷா நொய்மார்க் முதலானோர் 2010களில் செய்தது இதைத்தான். காபன் நுண்குழாய்கள் திரளாதிருக்க அவற்றின் மேற்பரப்பில் வேறு மூலக்கூறுகளை ஒட்டினார்கள். நாரை முதலில் காபனிலும் பின்னர் இறப்பரிலும் தோய்த்தெடுத்தார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்டது மெழுகுதிரிப் புகைக்கரி! சுடருக்கு மேலே பிடித்துச் சேர்த்த கரியை இறப்பரில் ஊறவிட்டதும், கடையில் வாங்கிய கரித்தூளைக் கலந்ததைவிட அது வலுவாக ஒலித்தது. கரியோடு நில்லாமல் தங்க நுண்துகள்களையும் சாயங்களையும் பயன்படுத்துவோரும் உண்டு. அவை ஒரு நிறத்தை விழுங்கி இன்னொரு நிறத்தைக் கடக்கவிடும் என்பதால், ஒரே நாரைக்கொண்டு இரண்டு வகைப் படங்களை எடுக்கலாம்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அலுவிகாரை நினைவுக்கு வந்தது. மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியோரம், பாறைகளுக்கிடையே ஒடுங்கியிருக்கும் அந்த விகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் பொறிக்கப்பட்டது என்பது மரபு. 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. இன்றும் அங்கே வருவோருக்கு ஏடெழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணியால் கீறிய ஓலையில் முதலில் எதுவும் தெரியாது. கரியைப் பிசினெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தெடுத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்து துலங்கும். நம்மவர் ஏடுகளுக்கு மையாட்டியதும் இப்படித்தான். நம் வீட்டுப் பெண்கள் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கண்மை செய்ததும் இப்படித்தான். ஒளியை விழுங்கும் துகளை, ஒட்டிக்கொள்ளும் ஒரு நெய்ப்பொருளில் சீராகப் பரப்புவது. இதைச் சொல்வதனால் "நம் முன்னோர் அன்றே கண்டறிந்தார்கள்" என்னும் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிடவேண்டாம். ஏடெழுதியோர் கழியொலியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு: இந்த நுட்பத்தின் மையப்பொருள் அபூர்வமானதன்று, மலிவானது. கைத்திறமும் அளவறிதலுமே அதன் விலை.

இது மாத்தளைக்கு எதற்கு என்று கேட்கலாம்.

யு.சி.எல். குழுவினர் லண்டனின் இதய வைத்தியர் மல்கம் ஃபின்லே என்பவரோடு சேர்ந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குச் செல்ல, நடுவிலுள்ள சுவரை ஊசியால் துளைக்கவேண்டும். தொடையிலுள்ள நாளத்தின் வழியே உள்ளே அனுப்பப்படும் நீண்ட ஊசி அது. சுவரின் சரியான இடத்தைத் துளைத்தால் நல்லது. தவறினால் பெருநாடியையோ இதயத்தின் புறச்சுவரையோ துளைத்துவிடும். வைத்தியர் இதைப் பெரும்பாலும் எக்ஸ்-கதிர் நிழலையும் தம் கையின் உணர்வையும் நம்பிச் செய்கிறார். வசதியுள்ள நாடுகளில் இதயத்துக்குள்ளேயே செலுத்தும் கழியொலிக் குழாயும் உண்டு. அது விலை உயர்ந்தது. மேற்படி ஆய்வில் அந்த ஊசியின் துளைக்குள்ளேயே ஒளிநார்களைச் செருகி, உயிருள்ள பன்றியின் இதயத்தில், ஊசிமுனைக்கு எதிரே உள்ள திசுவை உடனுக்குடன் பார்த்தார்கள். குருடன் கைத்தடிக்குக் கண் முளைத்ததைப் போல.

மேலைநாடுகளில் இந்தத் துளையிடல் பெரும்பாலும் வயதானவர்களின் ஒழுங்கற்ற இதயத்துடிப்பைச் சீராக்கும் சிகிச்சைக்காகச் செய்யப்படுகிறது. நம் பக்கத்தில் அதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிறுபிள்ளைக்குத் தொண்டையில் கிருமித்தொற்று வருகிறது. சில வாரங்களில் காய்ச்சல், மூட்டு வீக்கம். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். பல ஆண்டுகள் கழித்து இதயத்தின் ஈரிதழ் வால்வு தடித்து ஒட்டிச் சுருங்கியிருப்பது தெரியவரும். வாதக்காய்ச்சல் இதயநோய் என்பது இதுதான். உலகில் கோடிக்கணக்கானோர் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலகச் சுகாதார மாநாடு 2018இல் இதற்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. சுருங்கிய வால்வை நெஞ்சைப் பிளக்காமல் பலூன் கொண்டு விரிக்கும் முறையை ஜப்பானிய வைத்தியர் கஞ்சி இனோவே 1980களில் உருவாக்கினார். அந்தப் பலூன் இடது மேலறைக்குப் போகவேண்டுமானால், நான் மேலே சொன்ன அதே சுவரை அதே ஊசியால் துளைத்தாகவேண்டும்.

வாதக்காய்ச்சல் நெருக்கடியில் பிறக்கும் நோய். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் பலர் அடைந்து படுத்தால் தொண்டைக்கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறைகள் படுத்தெழும்பிய லயங்களை மாத்தளைத் தோட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன். செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில், "பிள்ளை பெறப் போனபிறகுதான் நெஞ்சில கோளாறு இருக்குன்னு சொன்னாங்க ஐயா" என்று சொன்ன தாய்மாரையும் சந்தித்திருக்கிறேன். வியப்பில்லை. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்த அளவு கூடுகிறது. அதுவரை எப்படியோ சமாளித்துவந்த சுருங்கிய வால்வு அப்போதுதான் தடுமாறுகிறது. அத்தகைய பெண்ணுக்குப் பலூன் சிகிச்சை செய்யவேண்டி வந்தால், வயிற்றிலுள்ள சிசுவை எண்ணி எக்ஸ்-கதிரை இயன்றவரை குறைக்கப் பார்ப்பார்கள். ஊசிமுனையில் கண் இருந்தால் அங்கே அது ஆடம்பரமாகாது.

1820களிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்துதான் மலையகத்துக்குள் நுழைந்தார்கள். அந்த 200 ஆண்டுகளின் நினைவாக 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். அவர்கள் கோரியவற்றுள் காணியும் வீடும் முக்கியமானவை. வாதக்காய்ச்சலுக்கு முதல் மருந்தும் அதுவே. இரண்டாவது மருந்து பெனிசிலின். மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை தவறாமல் போடும் ஊசி. கரிபூசிய ஒளிநார் இவற்றுக்கெல்லாம் பின்னால், வால்வு கெட்டுப்போனவர்களுக்காக மட்டும் வருவது. இந்த வரிசையை மாற்றிப் பேசுகிற எவரையும் நான் நம்பமாட்டேன்.

இனி, தலைப்பெழுதுவோர் மறைக்கும் பக்கம். இத்துறையில் நடந்தவை பெரும்பாலும் ஆய்வுகூடச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும்தான். பூச்சு இரத்தத்தில் உதிர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பெரிது. சில வகை நீண்ட காபன் நுண்குழாய்கள் கல்நாரைப்போல் திசுவைப் புண்ணாக்கக்கூடும் என்று 2008இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். புகைக்கரியும் சாதுவன்று, லண்டன் புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் புற்றுநோய் வந்ததை 1775இலேயே பேர்சிவல் பொட் என்ற சத்திரவைத்தியர் எழுதிவிட்டார். இறப்பருக்குள் சிறைப்பட்ட கரி வேறு, சுவாசிக்கும் கரி வேறு என்பது உண்மையே. ஆனால் சிறை உடையாது என்பதை நிரூபிக்கவேண்டும். லேசரின் வலுவைக் கூட்டினால் ஒலி கூடும். ஓர் எல்லை கடந்தால் பூச்சே எரிந்து பெயர்ந்துவிடும். அந்த எல்லைக்கு எவ்வளவு உள்ளே நிற்பது என்பதும் தீர்க்கவேண்டிய கணக்கு.

'மலிவு' என்ற சொல்லையும் ஆராயவேண்டும். நார் மலிவு; வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே சாதி. எதிரொலியைப் படிக்கும் லேசர் தொலைத்தொடர்புத் துறை பெருவாரியாகப் பயன்படுத்தும் அலைநீளத்தில் இயங்குவதால் அதன் உறுப்புகளும் கிடைக்கும். கரி, இறப்பர் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒலியெழுப்பும் துடிப்பு லேசர் மலிவன்று. ஆண்டுக்கணக்கான பரிசோதனைகளும் உரிமங்களும் அதைவிடச் செலவு. ஆக, சில ரூபாய்க் கரியைப் பூசிய நார் வைத்தியசாலைக்கு வந்துசேரும்போது தங்கத்தின் விலையில் வரலாம். ஒரு முறை பயன்படுத்தி வீசவேண்டிய பொருள் என்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த விலையை டொலரில் கட்டவேண்டும்.

டொலர் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2022 மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அச்செய்தி கண்டு கவலை தெரிவித்து, உதவுவது எப்படி என்று தம் தூதரிடம் கேட்கும் நிலை வந்தது. மாத்தளையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள வைத்தியசாலை அது.

இலங்கையில் காபன் என்றதும் எல்லோரும் காரீயத்தை நினைப்பார்கள். அதில் நியாயம் உண்டு. பாறைப் பிளவுகளில் நாளமாகப் படிந்த தூய காரீயம் வணிக அளவில் தோண்டப்படுவது நம் தீவில்தான். குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ, கேகாலை மாவட்டத்தின் போகலை ஆகியன பெயர்பெற்ற சுரங்கங்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஆண்டுக்கு 30,000 தொன்னுக்கு மேல் கப்பலேறிற்று. பிறநாட்டு உருக்குலைகளுக்கு மூசைகளாயிற்று. முதற் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் தந்தை செல்வம் சேர்த்ததும் காரீயத்தில்தான். (மகனின் ஆட்சி 1948இல் மலையக மக்களின் குடியுரிமையை என்ன செய்தது என்பது வேறு கதை.) இப்போது ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனம் காரீயத்திலிருந்து கிரபீன் செய்யும் முயற்சியில் ஈடுபட்டிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் "நம் காரீயம் உலகை ஆளும்" என்று மேடைகளில் எழும் முழக்கம் எனக்கு ஒவ்வாது. ஒளிநாரின் நுனிக்கு வேண்டிய கரி, மண்ணில் தோண்டவேண்டிய அளவுக்கு இல்லை. ஒரு மெழுகுதிரி போதும் என்று வட கரோலினாவில் காட்டிவிட்டார்கள். சுரங்கம் உள்ளவனுக்கு இங்கே முன்னுரிமை எதுவுமில்லை. கலக்கத் தெரிந்தவனுக்கும் அளக்கத் தெரிந்தவனுக்குமே உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். முழுக் கருவியையும் நாம் செய்யமுடியாது, செய்யத் தேவையுமில்லை. வீசியெறியும் பகுதியை, அதாவது கரிபூசிய நுனியை, இங்கேயே செய்யக் கற்கவேண்டும். பேராதனையில் விஞ்ஞான பீடமும் பொறியியற் பீடமும் மருத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. அயலிலேயே போதனா வைத்தியசாலை. சற்றுத் தள்ளிக் கண்டி தேசிய வைத்தியசாலையின் இதயப் பிரிவு. இத்தனையும் மாவலியாற்று வளைவொன்றுக்குள் அமைந்த நாடு அதிகமில்லை. கரியை எந்த அளவில் கலந்தால் எவ்வளவு ஒலி, எத்தனை ஆயிரம் துடிப்புகளுக்குப் பிறகு பூச்சு உதிரத் தொடங்குகிறது, ஈரமும் வெக்கையும் நிறைந்த நம் களஞ்சியங்களில் எத்தனை மாதம் கெடாமலிருக்கும் என்பவை மாணவர்கள் பட்ட ஆய்வாகவே எடுத்துச் செய்யக்கூடியவை. கடைசிக் கேள்வியை லண்டனில் யாரும் நமக்காகக் கேட்கப்போவதில்லை.

லண்டனிலும் சிட்னியிலும் ரொறன்ரோவிலும் இத்தகைய ஆய்வுகூடங்களில் பணிபுரியும் தமிழர் பலர் உண்டு. ஊருக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்புவதை நான் குறைகூறமாட்டேன். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களிடம் கேட்பது பணமன்று. நீரில் அமிழ்த்திக் கழியொலியை அளக்கும் நுண்ணிய ஒலிவாங்கி ஒன்று இல்லாமல் இந்தச் சோதனைகளுள் ஒன்றைக்கூடத் தொடங்கமுடியாது. அதை எங்கே வாங்குவது, எப்படி அளவுதிருத்துவது, நார் நுனியைப் பிளவில்லாமல் வெட்டுவது எப்படி என்று பேராதனை மாணவன் ஒருவனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் அவர்களுள் யாராவது இருப்பார்.